மஞ்சள் கோடு போட்ட நாட்கள்

பிப்ரவரி 9

தங்கச்சி ஊசிக்கு,

இது அண்ணன் எழுதுவது. அண்ணன் சொல்ல வேறொருவர் எழுதுவது இல்லை. பேனாவைப் பிடித்திருப்பது என் கைதான். இந்த நான்கு வரிகளை எழுதுவதற்குள் ஒரு டீ ஆறிப்போய்விட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மருந்துக் கடைக்காரரை எழுதச் சொல்லி உனக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். நீ பிரிக்காமலே திருப்பி அனுப்பினாய். உறையின் பின்பக்கம், 'சொந்தக் கையால் எழுதினால் படிக்கிறேன்' என்று எழுதியிருந்தாய். மருந்துக் கடைக்காரர் அதை வாசித்துக் காட்டிவிட்டு, "என்ன பெரியவரே, தங்கச்சி கதவ சாத்தி பூட்டும் போட்டுட்டாங்களே" என்றார். எனக்கு எழுதத் தெரியாது என்பதால்தான் நீ அப்படி எழுதினாய். அது எனக்குத் தெரியும். ஆனால் பூட்டு என்று இருந்தால் சாவி என்று ஒன்று இருக்கும் அல்லவா? எழுபத்திரண்டு வயதில் அதைத் தேடிப் போனேன்.

சலவைக் கடைக்கு மேல்மாடியில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. கீழே மெஷின் சுற்றும்போது எங்கள் மேசை நடுங்கும். எழுத்தும் நடுங்கும். டீச்சர் பகலில் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற அம்மாள். என் பக்கத்தில் ஒரு வெல்டிங்காரர் உட்காருகிறார். அவர் பேனாவை அழுத்துகிற அழுத்தில் தாளில் ஓட்டை விழுகிறது.

படிக்கத் தெரிந்ததும் முதலில் எங்கே போனேன் தெரியுமா? பூங்காவில் நான் மரம் வைத்து, கிளை வெட்டி வேலை பார்த்தபோது இருந்த சாமான் கொட்டகைக்கு. அங்கே சுவரில் ஒரு தகரப் பலகை உண்டு. முப்பத்தைந்து வருஷம் அந்தப் பலகைமேல்தான் ஏணியைச் சாய்த்து வைத்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்றால், 'இங்கே ஏணி சாய்க்கக் கூடாது.' தனியாக நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உன் அண்ணி இருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். அவள் இல்லை, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் அறையில் எதையும் மாற்றவில்லை. தையல் மெஷின் நின்ற இடத்தில் தரையில் நான்கு குழி விழுந்திருக்கிறது. கூட்டும்போது விளக்குமாறு அங்கே வந்து தட்டும்.

திரும்பி வா என்று எழுதத்தான் தொடங்கினேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உன் அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

கடிதம் வந்தது. உன் எழுத்தெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. உன் ஆட்கள் உன்னை ஏணி என்று கூப்பிட்டது சரிதான்.

சொந்தக் கையால் எழுதினால் படிக்கிறேன் என்றுதான் சொன்னேன். படித்தேன். மன்னிக்கிறேன் என்று எங்கும் சொல்லவில்லை.

நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். துறைமுகத்துக்குப் பின்னால் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் இருக்கிறேன். லாரிக்கும் படகுக்கும் போர்த்துகிற பாய். ஊசி என் விரல் நீளம். அறுபத்து மூன்று வயதிலும் நாள் முழுக்க மெஷினில்தான் இருக்கிறேன். உன் வீட்டில் சும்மா கிடந்து சாப்பிட்டவள் இங்கே மூன்று பேர் வேலையைச் செய்கிறாள் என்று உன் ஆட்களிடம் சொல்.

பட்டறைக்கு மேலே ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் கிரேன்கள். மரமே கிடையாது.

தரைக் குழியைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடு. தடுக்கி விழப்போகிறாய்.

ஊசி


மார்ச் 12

தங்கச்சி ஊசிக்கு,

குழியை அடைக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தை எட்டு நாளாக எழுதுகிறேன். பெரிய விஷயம். நிதானமாகப் படி.

வகுப்பில் டீச்சர் பேப்பர் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்வார். எனக்கு வந்தது வானிலைக் கட்டம். வெயில், காற்று, அதற்குக் கீழே 'மகரந்தம்: மிக அதிகம்' என்று இருந்தது. மகரந்தத்தை எட்டுத் தடவை தட்டித் தடவி வாசித்தேன். என்னவென்று கேட்டதற்கு டீச்சர், "மரம் பூக்கறப்ப மஞ்சளா ஒரு தூள் பறக்குமே, உங்களுக்குத் தெரியாததா பெரியவரே" என்றார். தெரியாமல் என்ன! முப்பத்தைந்து வருஷம் அதைத் தின்று தும்மியவன் நான். அதற்குப் பெயர் இருப்பதுதான் தெரியாது.

மறுநாள் அதைப் பற்றியே ஒரு கட்டுரை கொண்டுவந்து வாசித்தார். அந்தத் தூள் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அந்த வாரங்களில் மூக்கும் கண்ணும் மட்டும் கெடுவதில்லையாம். தூக்கம் கெடுகிறது, மனசும் இறங்கிப் போகிறதாம். காரணமில்லாமல் எரிச்சல், அழுகை, எழுந்திருக்க முடியாத சோர்வு. எல்லோருக்கும் இப்படி இல்லை, டாக்டர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றும் போட்டிருந்தது.

எனக்கு நம் அடுப்படி ஆணியில் தொங்கிய காலண்டர் நினைவுக்கு வந்தது.

எழுதத் தெரியாதவனுக்குக் காலண்டர்தான் நோட்டுப் புத்தகம். என் சட்டை மஞ்சளாகி வந்த நாளில் ஒரு மஞ்சள் கோடு போடுவேன். அந்தச் சட்டைகளை உன் அண்ணி தனியாகத் துவைப்பாள். மழை பெய்து பூங்கா வேலை நின்றால் மூன்று சாய்ந்த கோடு. நீ சாப்பிடாத நாளில் ஒரு வட்டம். அது காலித் தட்டு. நாம் மூன்று பேருக்கு நான் தினமும் ஆறு பன் வாங்குவேன். உன் அண்ணி வாசலில் வைத்தே, "இன்னிக்கு நாலு போதுங்க, இது அவ படுத்துக் கெடக்கற மாசம்" என்பாள். எத்தனை வாங்கினால் வீணாகாது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த வட்டம். அவள் போன பிறகும் பழக்கத்தில் குறித்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு வருஷக் காலண்டர் கருவிப்பெட்டியில் அடியில் இருந்தது. எல்லாவற்றையும் உன் அறைத் தரையில் விரித்தேன். இப்போது மாதத்தின் பெயரை வாசிக்க முடிகிறது! மஞ்சள் கோடு தொடங்கி இரண்டு மூன்று நாளில் வட்டம் தொடங்குகிறது. மழைக்கோடு வந்தால் வட்டம் நிற்கிறது. மறுபடி மஞ்சள், மறுபடி வட்டம். வருஷா வருஷம் இதே கதைதான். நீ சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததற்கும், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்ததற்கும் காரணம் நீ இல்லை. மரம்!

அந்த மரங்களை வைத்தவன் நான். பழம் கொட்டித் தெரு அழுக்காகாமல் இருக்க ஆண் மரமாகவே வையுங்கள் என்று அதிகாரி சொன்னார். நாற்பத்திரண்டு கன்று. உன் வீட்டுக்காரர் போய் நீ எங்களோடு இருக்க வந்த வருஷம் அது. இருந்ததிலேயே நல்ல கன்றாகப் பார்த்து உன் ஜன்னலுக்கு எதிரே வைத்தேன். எழுந்ததும் பச்சையாக ஏதாவது உன் கண்ணில் படட்டும் என்று நினைத்தேன்.

அதை வெட்டச் சொல்லி ஆபீசில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். நானே எழுதியது! வாங்கிய குமாஸ்தா இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். பதில் வர மூன்று மாதமாகுமாம். என்னால் பொறுக்க முடியாது. கை ரம்பத்துக்குச் சாணை பிடித்துவிட்டேன். கொட்டகை ஏணியைக் கேட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் வண்டி குறைவாக இருக்கும். மேல்கிளையிலிருந்து தொடங்கினால் மதியத்துக்குள் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு நீ வரலாம். இனி ஒன்றும் தடையில்லை.

உன் அண்ணன்


மார்ச் 16

மரத்தில் ஏறாதே. உனக்கு என்ன இருபது வயதா? விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். மற்றது பிறகு.

ஊசி


மார்ச் 21

அண்ணா,

ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏறி விழுந்திருந்தால் யாராவது சொல்லியனுப்பியிருப்பார்கள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாவது முறை கோபம் வந்தது. மூன்றாவது முறையும் கோபம்தான்.

நீ சொல்வது உண்மையாக இருக்கலாம். இங்கே மார்ச்சில் என் கண் எரிவதில்லை. காலையில் எழ முடிகிறது. பட்டறை முதலாளியம்மா, "நீங்க ஒருத்தர்தான் லீவே போடாத ஆளு" என்கிறார். உன் வீட்டில் மார்ச்சில் என் தலைக்குள் ஈரத்துணியைத் திணித்த மாதிரி இருக்கும். தலையணையிலிருந்து தலையைத் தூக்குவதே பெரும் வேலை. அது என்னவென்று எனக்கும் தெரியாது. தெரியாததால் உன்னிடம் சொல்லவும் தெரியவில்லை.

ஆனால் கேள். என் வீட்டுக்காரர் இறந்துபோனதும் ஒரு மார்ச்சில்தான். அந்த அழுகையும் மரத்தூளா? என் துக்கத்தையும் தூக்கி மரத்துக்குக் கொடுத்துவிட்டால் எனக்கென்று என்ன மிச்சம்? இங்கே மரம் இல்லை, தூள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கிரேன்கள் நின்றுவிடும். மெஷின் சத்தமும் இருக்காது. பேச ஆளில்லாமல் நாற்காலியைத் துடைப்பேன். துடைத்த நாற்காலியையே மறுபடி துடைப்பேன். தனிமைக்குத் தூள் தேவையில்லை, அண்ணா.

இன்னொன்று. தூள் படுக்கவைத்திருக்கலாம். அண்ணி இருந்தவரை பத்து வருஷத்துக்கு மேல் அதே மாதிரி படுத்துக் கிடந்தேன். அப்போது நான் வீட்டை விட்டுப் போகவில்லையே. என்னைப் போகவைத்தது நீ சொன்ன சொல். உன் வேலையாட்கள் இரண்டு பேர் டீ கிளாசோடு உட்கார்ந்திருக்க, "நடிக்கிறா. ஒக்காத்தி வச்சு சோறு போட ஆளிருக்குன்னு நடிக்கிறா" என்றாய். அவர்களில் ஒருவர் சிரித்தார். நான் அன்றைக்கே மெஷினைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அது ஏப்ரல் பதினெட்டு. அந்த வருஷத்து ஏப்ரல் தாளை எனக்கு அனுப்பு. அந்த நாளில் என்ன குறித்திருக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

ஊசி


ஏப்ரல் 2

தங்கச்சி ஊசிக்கு,

ஏறவில்லை. ஏணி கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கொட்டகையில் இருக்கிற புது ஆள், "தாத்தா, பலகைய வாசிச்சீங்களா?" என்று என்னையே கேட்கிறான்.

இங்கே காற்று மஞ்சளாக இருக்கிறது. ஜன்னல் மேடையில் விரலால் எழுதலாம். உன் பெயரை எழுதிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் காற்று அழித்துவிட்டது. மறுபடி எழுதினேன்.

வெல்டிங்காரர் தன் மகளுக்கு வாழ்த்து அட்டை எழுதினார். ஓட்டை விழவில்லை. வகுப்பே கை தட்டியது.

நான் இப்போது தினமும் இரண்டு பன் வாங்குகிறேன். பேக்கரியில் வாய் திறந்து கேட்கத் தேவையில்லை. என்னைக் கண்டதும் இரண்டை எடுத்துப் பையில் போட்டுவிடுகிறார்கள்.

நீ கேட்ட அந்த ஏப்ரல் தாள் ஈரத்தில் ஒட்டிப்போய்க் கிழிந்துவிட்டது. மற்ற வருஷத் தாள்கள் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

உன் அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

முன்பெல்லாம் நீ பொய் சொன்னால் முகத்தில் தெரியும். இப்போது எழுத்திலும் தெரிகிறது. கடிதம் முழுக்க எல்லாம் சாய்ந்திருக்கிறது. 'கிழிந்துவிட்டது' மட்டும் நேராக நிற்கிறது. அந்த ஒன்றைத்தான் ரொம்ப யோசித்து எழுதியிருக்கிறாய்.

நீ எழுதப் படித்தது இதற்குத்தானா?

தாள் வராமல் இனி எனக்குக் கடிதம் வேண்டாம்.

ஊசி


ஏப்ரல் 18

தங்கச்சி ஊசிக்கு,

தாள் இதோடு இருக்கிறது. கிழியவில்லை. அதன்மேல் ஒரு துளி ஈரம்கூட இல்லை.

இன்றைக்கும் அதே தேதி என்பதைக் கவனித்தேன். தேதி பார்த்து எழுதவில்லை, கடிதம் முடிய இன்றைக்காகிவிட்டது.

பதினாறாம் கட்டத்தைப் பார். மூன்று சாய்ந்த கோடு. பதினேழிலும் பதினெட்டிலும் அதேதான். மூன்று நாள் விடாமல் மழை. பதினெட்டாம் தேதியில் மஞ்சள் கோடு இல்லை. வட்டமும் இல்லை. நீ அன்று சாப்பிட்டாய். நீ நன்றாக இருந்தாய்.

எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. மழையால் வேலை நின்று, இரண்டு ஆட்களோடு மதியமே வந்துவிட்டேன். நீ தலைக்குக் குளித்து, முடியை விரித்துப் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து மெஷினில் உட்கார்ந்திருந்தாய். பாடிக்கொண்டிருந்தாய். முழுப் பாட்டு இல்லை, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. "வாண்ணா, டீ போடவா?" என்று நீயே எழுந்து வந்தாய். மூன்று வாரத்துக்குப் பிறகு நீ பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உன் அண்ணி இருந்திருந்தால் ஓடிப்போய் இன்னும் இரண்டு பன் வாங்கி வரச் சொல்லியிருப்பாள். அவள் போய் அப்போது இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் வீட்டில் பாட்டுச் சத்தமே கேட்டதில்லை. நீ படுத்துக் கிடந்த நாட்களில், இந்த வீட்டில் துக்கத்தோடு இருப்பது நான் மட்டும் இல்லை என்று எனக்கு ஒரு துணை இருந்தது. நீ எழுந்து பாடியதும் என்னை மட்டும் விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அதனால்தான் டீயை வாங்கிக்கொண்டே, "நேத்து வரைக்கும் செவுத்தப் பாத்துக் கெடந்தா, இன்னிக்குப் பாட்டு. அப்ப அவ்வளவும் நடிப்புதானே" என்று அவர்களிடம் சொன்னேன். மற்றதும் அதன் பின்னால் வந்துவிட்டது. நீ நன்றாக இருந்ததைப் பார்த்துத்தான் சொன்னேன்.

பதினொரு காலண்டரை விரித்த அன்றைக்கே இந்தத் தாளைப் பார்த்துவிட்டேன். பார்த்து, மடித்து, தனியாக வைத்தேன். பழியை மரத்தின்மேல் போட்டுவிட்டால் நீ வந்துவிடுவாய், நானும் தப்பித்துவிடுவேன் என்று நினைத்தேன். அன்றைக்குக் காற்றில் ஒன்றுமே இல்லை. மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது. இருந்தது நான் மட்டும்தான்.

நீ நடிக்கவில்லை. ஒரு நாளும் நடிக்கவில்லை. நான் சொன்னது தப்பு. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இதை எழுத நான்கு தாள் கிழித்தேன். அவை நிஜமாகவே கிழிந்தன.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். குமாஸ்தா, "என்ன பெரியவரே, மரம் வேணுமா வேணாமா?" என்றார். "அது ஒண்ணும் பண்ணலைங்க" என்றேன்.

உன் அண்ணன்


மே 7

அண்ணா,

தாள் வந்து இரண்டு வாரம் ஆகிறது. நாற்காலியில் வைத்திருக்கிறேன். சாப்பிடும்போது நான் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நான் பாடியதே எனக்கு நினைவில்லை. நீ சொன்னதும் அந்த ஆள் சிரித்ததும்தான் ஆறு வருஷமாக நினைவில் இருந்தன. இன்னொன்றையும் சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. இங்கே வந்து, மார்ச்சில் கூட ஒழுங்காக எழுந்து வேலைக்குப் போகிறேன் என்றதும் எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நடித்துத்தான் இருக்கிறேனோ, அண்ணன் சொன்னது சரிதானோ என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உன் பென்சில் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தேன். எழுதத் தெரியாத காலத்தில் நீ பொய் எழுதவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன், தாளின் பின்பக்கம் தடம் தெரியும். அது இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

திரும்பி வந்து இருக்கச் சொல்லாதே. இங்கே எனக்கு வேலை இருக்கிறது, மார்ச்சில் எழுந்து உட்காரும் உடம்பும் இருக்கிறது. மரம் இருக்கட்டும். எனக்காகப் பார்த்து வைத்த கன்று என்று அந்த வீட்டில் இருந்தவரை நீ ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை. தூள் நிற்கிற காலத்தில் அதை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க வேண்டும். ஜூன் பதினொன்று முதல் மூன்று நாள் பட்டறைக்கு விடுமுறை. காலை பஸ்ஸில் வருகிறேன். பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம், வழி எனக்குத் தெரியும்.

அடுத்த மார்ச்சில் உனக்கு அங்கே இருக்க முடியாமல் போனால் இங்கே வா. இன்னொரு நாற்காலி வாங்க வேண்டியிருக்கும். பார்க்கலாம்.

நான் வருகிற நாளில் பேக்கரியில் வாய் திறந்து சொல். நாலு பன்.

ஊசி